எண் தெரியாத சேவை, இல்லாத சேவைதான்

1/
புதுக்கோட்டை மாவட்டத்து மக்களுக்கு ஒரு நீண்ட இழை. இந்தத் தடவை மருந்து மாத்திரை பற்றி இல்லை. போன் நம்பர் பற்றி. சிரிக்காம முழுசா படிங்க. கடைசியில் எழுதி வைத்துக்கொள்ள ஒரு பட்டியலும் இருக்கு.

2/
நான் பணிக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த காலம். ஒரு சிறிய அரசு மருத்துவமனை, இரவுப் பணி. மூச்சுத்திணறலோடு கொண்டுவரப்பட்ட வயதான அம்மா ஒருவர் நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு இறந்துபோனார். எங்களால் ஆனதையெல்லாம் செய்தோம். காப்பாற்ற முடியல.

3/
கூட இருந்தது மகன் மட்டும். கட்டட வேலைக்குப் போகிறவர். அழுது ஓய்ந்து என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "ஐயா, ஆத்தாவ ஊருக்குக் கொண்டு போகணும். 108ல ஏத்திக்குவாங்களா?"

"இறந்தவங்கள 108ல ஏத்த மாட்டாங்கண்ணே" என்றேன். தப்பான பதில் இல்லை. ஆனால் பாதி பதில்.

4/
வாசலில் நின்ற தனியார் வண்டிக்காரர் ஆறாயிரம் கேட்டார். இவர் சட்டைப் பையில் இருந்தது எழுநூறு சொச்சம். ஊருக்குப் போன் போட்டு, அங்கே யாரோ யாரிடமோ கடன் வாங்கி, வண்டி கிளம்பும்போது நன்றாக விடிந்துவிட்டது. அதுவரை அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

5/
காலைப் பணிக்கு வந்த ஆயாம்மா என்னிடம் கேட்டார்: "ஏன் சார், 155377க்குப் போடலையா? இலவச அமரர் ஊர்தி வந்திருக்குமே?"

எனக்கு அந்த எண் தெரியாது. ஐந்தரை வருஷம் மருத்துவம் படித்தவனுக்குத் தெரியல. வார்டு கூட்டுகிற அம்மாவுக்குத் தெரிஞ்சிருந்தது. சுவரில் எங்கேயும் எழுதியும் இல்லை.

6/
அரசு மருத்துவமனையில் இறந்தவரின் உடலை வீடு வரை கட்டணமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும் அரசுச் சேவை அது. அரசு அதற்குப் பணம் ஒதுக்கியிருக்கு, வண்டி வாங்கியிருக்கு. அந்த மகனுக்கு மட்டும் அது இல்லாமல் போனது. காரணம், ஆறு இலக்கம்.

அன்றிலிருந்து என் கருத்து இதுதான்: எண் தெரியாத சேவை, இல்லாத சேவைதான்.

7/
"கூகுளில் தேடினா வந்துடுமே டாக்டர்?" என்பீர்கள். எங்க மாவட்டத்தில் இரவு இரண்டு மணிக்குத் தேடிப் பாருங்க. பத்து முடிவுகள் வரும். அதில் பழைய தரைவழி எண் எது, மாறிப்போன அதிகாரியின் எண் எது, ஏமாற்றுக்காரன் போட்டு வைத்தது எது என்று பதற்றத்தில் இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

8/
இதில் மோசடி சாதாரணமாக நடக்கிறது. மின்வாரிய எண், வங்கி எண், ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட் எண் என்று போலி எண்களை இணையத்தில் விதைத்து வைக்கிறார்கள். நீங்களாகவே அழைப்பதால் சந்தேகமும் வராது. "ஒரு ஆப் இறக்குங்க, பத்து ரூபாய் கட்டுங்க" என்பார்கள். கணக்கு காலி.

எந்த அரசு எண்ணாக இருந்தாலும், முகவரி "ஜிஓவி டாட் இன்" அல்லது "என்ஐசி டாட் இன்" என்று முடிகிற தளத்தில் இருந்து மட்டும் எடுங்க. பணம் போய்விட்டால் உடனே 1930. முதல் சில மணி நேரம்தான் பணத்தை மடக்க வாய்ப்பு.

9/
இப்போ விஷயத்துக்கு வர்றேன். மக்கள் "நம்பர் கிடைக்கல" என்று சொல்கிற இடத்தில் பல நேரம் உண்மையான பிரச்சினை வேறு. "இது யார் வேலை?" என்பது தெரியாது.

எங்க பாஷையில் சொன்னால், நோய் எதுவென்று தெரியாமல் மருந்துக் கடையைத் தேடுகிற மாதிரி.

10/
நம்ம மாவட்டத்தையே எடுத்துக்கோங்க. வருவாய்த் துறை கணக்கில் 12 வட்டங்கள். ஊரக வளர்ச்சித் துறை கணக்கில் 13 ஒன்றியங்கள். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாது.

11/
வடகாட்டுக்காரருக்குத் தாலுகா ஆலங்குடி. ஒன்றியம் திருவரங்குளம். அரிமளம் ஒன்றியம், அரிமளம் என்று ஒரு தாலுகாவே கிடையாது. குன்றாண்டார்கோவில், அன்னவாசல் கதையும் அதேதான். குளத்தூர் தாலுகா ஆபீஸைத் தேடி குளத்தூருக்குப் போனால், அது கீரனூரில் இருக்கு.

காவல் நிலைய எல்லை, மின்வாரியப் பிரிவு எல்லை, ஆரம்ப சுகாதார நிலைய எல்லை எல்லாம் இன்னும் வேறு வேறு கோடுகள்.

12/
இதைக் குறை சொல்லல. ஒவ்வொரு துறைக்கும் அதன் கோட்டுக்கு ஒரு காரணம் இருக்கும். ஆனால் அந்தக் கோடெல்லாம் மக்களுக்குத் தெரிந்திருக்கும் என்று ஆபீஸ்கள் நினைத்துக்கொள்வதுதான் தப்பு.

பட்டா என்றால் தாலுகா. தெருவிளக்கு, குழாய்த் தண்ணீர் என்றால் ஊராட்சி, அதற்கு மேல் ஒன்றியம். இந்த ஒரு வரி தெரியாமல் ஒரு நாள் கூலியை இழந்து தப்பான கட்டடத்தில் வரிசையில் நிற்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். முதியோர் உதவித்தொகைக்கு வயதுச் சான்று கேட்டு என்னிடமே வருவார்கள்.

13/
நகரத்திலும் இதே குழப்பம். நகராட்சியாக இருந்த புதுக்கோட்டை 2024-ல் மாநகராட்சி ஆனது. சுற்றியிருந்த ஊராட்சிகள் சிலதும் அதில் சேர்ந்தன. நேற்று வரை குப்பைக்கும் குழாய்க்கும் ஊராட்சித் தலைவர் வீட்டுக் கதவைத் தட்டியவர், இன்று எங்கே போக வேண்டும்? பெயர்ப் பலகையை மாற்றினால் போதாது. பலகைக்குக் கீழே எண்ணையும் எழுதணும்.

14/
ஒரு மருத்துவராக என்னை உறுத்தும் விஷயம் தண்ணீர். ஒரே தெருவில் இருந்து நாலு குழந்தைகள் வயிற்றுப்போக்கோடு வந்தால் நாங்கள் சொல்வது: "தண்ணிய டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க."

யாரிடம் சொல்வது? அதை நாங்கள் சொல்வதே இல்லை.

15/
2022 டிசம்பரில் அன்னவாசல் ஒன்றியம் முத்துக்காடு ஊராட்சி வேங்கைவயலில் குழந்தைகளுக்கு உடம்பு முடியாமல் போனது. தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகு ஊர்க்காரர்களே மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். மனிதக் கழிவு கலக்கப்பட்டிருந்தது.

அது ஒரு கொடுமையான குற்றம். ஒரு போன் நம்பர் அதைத் தடுத்திருக்கும் என்று நான் சொல்ல வரல.

16/
என் கேள்வி சின்னது. குடிக்கிற தண்ணீரில் சந்தேகம் என்றால், ஒரு தாய் தொட்டியில் ஏறித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? ஊராட்சிச் செயலர், ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுகாதார ஆய்வாளர், குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடம், இந்த மூன்று எண்களும் அந்தத் தொட்டியின் காலிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டாமா?

உங்க ஊர்த் தொட்டியை நாளைக்குப் போய்ப் பாருங்க. கட்டிய வருஷமும் மதிப்பீட்டுத் தொகையும் எழுதியிருக்கும். எண் இருக்கான்னு பாருங்க.

17/
"வாட்ஸ்ஆப் குரூப்ல போட்டாச்சே" என்பது இப்போதைய பதில். போடுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனால் அன்று இரவு அந்த மகனிடம் இருந்தது பட்டன் போன்.

18/
கஜாவை மறந்துட்டோமா? 2018 நவம்பர் 16. தென்னை சாய்ந்தது, மின்கம்பம் சாய்ந்தது, செல்போன் கோபுரமும் சாய்ந்தது. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. போனுக்குள் சேமித்த நம்பரெல்லாம் சார்ஜ் தீர்ந்த அன்றே செத்துப்போச்சு.

எங்கேயாவது சிக்னல் கிடைத்து, யாரோ ஒருவர் போனைக் கொடுத்தாலும், அடிக்க நம்பர் மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? சுவரில் எழுதிய நம்பருக்கு சார்ஜ் வேண்டாம்.

19/
சுவரைப் பற்றி இந்த மாவட்டத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1991-ல் தொடங்கிய அறிவொளி இயக்கம் நம்ம ஊர் இயக்கம். ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். கல் குவாரியில் வேலை பார்த்த பெண்கள் எழுத்துக் கற்றார்கள், சைக்கிள் கற்றார்கள். பஸ் போர்டைத் தானே படித்து ஏறியது அவர்களுக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்று அந்தத் தலைமுறையிடம் கேளுங்க.

அந்த அம்மாக்கள் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். அவர்கள் படிக்க வேண்டியதை எழுதி வைப்பது நம்ம கடமை இல்லையா?

20/
இது சலுகையும் இல்லை. சட்டம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பிரிவு 4(1)(பி) என்ன சொல்கிறது? ஒவ்வொரு பொது அலுவலகமும் யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டிய விவரங்களில் அதிகாரிகள், ஊழியர்களின் விவரப் பட்டியலும் ஒன்று.

21/
எப்படி வெளியிட வேண்டும் என்பதும் பிரிவு 4-லேயே இருக்கு. உள்ளூர் மொழியைக் கருத்தில் கொள்ள வேண்டும். வழிகளைச் சொல்லும்போது இணையத்துக்கு முன்பாக அறிவிப்புப் பலகையைச் சொல்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கே சுவரின் அருமை தெரிஞ்சிருக்கு.

22/
மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் தொடர்பு எண்கள் இருக்கு. அதைப் போட்டவர்களுக்கு நன்றி. ஆனால் அந்தப் பக்கத்தைத் திறக்க ஒருவருக்கு இணையம் வேணும், துறையின் பெயர் தெரியணும், பதவியின் பெயர் தெரியணும். எங்கள் நோயாளிகளில் பாதிப் பேருக்கு இந்த மூன்றில் ஒன்றாவது இருக்காது.

23/
அதிகாரிகள் பக்கமும் பேசணும். எனக்குத் தெரிந்த ஒரு கிராம நிர்வாக அலுவலர் சொன்னார்: "நம்பர் எழுதி வெச்சா ராத்திரி பன்னெண்டு மணிக்குக் குடிச்சிட்டுக் கூப்பிடுறாங்க சார். ரெண்டு ஊரைச் சேர்த்துப் பார்க்கிறேன், நான் எப்பத் தூங்குறது?"

நியாயமான கேள்வி. என் நம்பரையும் நான் ஊருக்கெல்லாம் கொடுப்பதில்லை.

24/
அதற்கு ஆஸ்பத்திரியில் ஒரு விடை வைத்திருக்கிறோம். எண் ஆளுக்கு இல்லை, பணிக்கு. பணி மருத்துவர் மாறுவார், பணியறைத் தொலைபேசி மாறாது. யார் பணியில் இருக்கிறாரோ அவர் எடுப்பார்.

பதவிக்கென்று ஒரு சிம், மாறுதலில் போகும்போது அடுத்தவர் கையில் ஒப்படைப்பு. சில துறைகளில் இது ஏற்கெனவே நடக்கிறது. எல்லாத் துறையிலும், ஊராட்சி வரைக்கும் வரணும்.

25/
இன்னொன்று. எங்கள் அவசரப் பிரிவில் ஒரு மருந்துத் தட்டு இருக்கும். ஒவ்வொரு ஷிப்ட்டிலும் செவிலியர் அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அட்ரினலின் காலாவதி ஆகியிருந்தால், அது இருந்தும் இல்லாத மாதிரி. சொல்லப்போனால் இல்லாததைவிட மோசம். இருக்கிறது என்று நம்பிக் கையை நீட்டுவோம்.

26/
காலாவதியான போன் நம்பரும் அப்படித்தான். சுவரில் "04322" என்று தொடங்கும் ஒரு எண்ணை நம்பி அடிக்கிறவர், "இந்த எண் உபயோகத்தில் இல்லை" என்று கேட்கும்போது இழப்பது ஐந்து நிமிஷம் மட்டும் இல்லை. "கவர்மென்ட்ல யாரும் எடுக்க மாட்டாங்க" என்று முடிவு செய்துவிடுவார். அடுத்த முறை புரோக்கரிடம் போவார்.

27/
அதனால் நான் கேட்பது மூன்று விஷயம்.

ஒன்று: ரேஷன் கடை, அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம், ஊராட்சி அலுவலகம், இந்த நாலு சுவரிலும் தமிழில், பெரிய எழுத்தில், பத்து எண்கள்.

இரண்டு: எண்ணுக்குப் பக்கத்தில் அது எந்த வேலைக்கு என்பது. "உதவி செயற்பொறியாளர்" என்று எழுதினால் யாருக்கும் புரியாது. "கரண்ட் கம்பி அறுந்தால்" என்று எழுதுங்க.

மூன்று: கடைசியாகச் சரிபார்த்த தேதி. மாதம் ஒரு முறை ஒருவர் உட்கார்ந்து அலுவலக எண்களை அடித்துப் பார்த்தால் போதும்.

28/
செலவு? ஒரு டப்பா பெயின்ட், ஒரு நாள் பெயின்டர் கூலி. தேர்தலுக்குச் சுவர் பிடிக்கத் தெரிந்த ஊர்தானே நம்ம ஊர்.

29/
அது நடக்கும் வரை நீங்கள் செய்ய வேண்டியது. ஒரு தாளில் உங்கள் வீட்டுக்கான ஐந்து விவரங்களை எழுதுங்க: உங்கள் ஊராட்சி அல்லது வார்டு, ஒன்றியம், தாலுகா, காவல் நிலையம், ஆரம்ப சுகாதார நிலையம். கூடவே உங்கள் பகுதிக் கிராம சுகாதார செவிலியரின் எண். கிராமத்தில் மிக உபயோகமான போன் நம்பர் அதுதான் என்பேன்.

30/
அதற்குக் கீழே இவற்றை எழுதுங்க:

108: உயிருக்கு ஆபத்து, விபத்து, பிரசவம், பாம்புக்கடி
104: மருத்துவ ஆலோசனை, அரசு மருத்துவமனை பற்றிய புகார்
155377: இலவச அமரர் ஊர்தி
1800 425 3993: முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம்
14416: மனநல ஆலோசனை
1098: குழந்தைகள் பாதுகாப்பு, குழந்தைத் திருமணம்

31/
181: பெண்களுக்கான உதவி
14567: முதியோர் உதவி
1077: மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை
94987 94987: மின்தடை, மின்சாரப் புகார்
1930: இணையப் பண மோசடி
1100: எந்த ஆபீஸ் என்றே தெரியாத புகார், முதல்வர் உதவி மையம்

இதைப் படம் எடுத்து வைத்தால் போதாது. பேனாவால் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டுங்க.

32/
108-க்கு அடிக்கும்போது ஒன்று ஞாபகம் வைங்க. எடுப்பவர் உங்கள் ஊர்க்காரர் இல்லை. "புதுப்பட்டியில் இருந்து பேசுறேன்" என்றால் அவருக்கு எந்தப் புதுப்பட்டி? அரிமளம் பக்கம் கே.புதுப்பட்டி, பொன்னமராவதி பக்கம் பொன்.புதுப்பட்டி, இன்னும் எத்தனையோ. மாவட்டம், தாலுகா, ஊர், பக்கத்துப் பெரிய அடையாளம் என்று வரிசையாகச் சொல்லுங்க. மேலே சொன்ன தாள் அதற்கும் உதவும்.

வேலை செய்யுதான்னு பார்ப்பதற்காக 108-ஐ அடிக்காதீங்க. அந்த நேரத்தில் இன்னொருவர் காத்திருப்பார்.

33/
இறப்பு நடந்த வீட்டுக்கு இன்னொரு விவரம். இறப்பு எங்கே நடந்ததோ அந்த இடத்தின் பதிவாளரிடம்தான் பதிவு, குடியிருக்கும் ஊரில் இல்லை. 21 நாளுக்குள் என்றால் தாமதக் கட்டணம் இல்லை. இது தெரியாமல் சொந்த ஊருக்கும் ஆஸ்பத்திரி இருக்கிற ஊருக்கும் மாறி மாறி அலைந்து, நாள் தாண்டி, கடைசியில் கோட்டாட்சியர் அலுவலகம் வரை போனவர்கள் உண்டு.

34/
எதற்கும் பதில் வரவில்லையா? திங்கட்கிழமை தோறும் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். மன்னர் வாழ்ந்த அரண்மனை அது. இன்று நம்முடைய ஆபீஸ். தயங்காமல் போங்க. "எங்க ஊர்ச் சுவரில் எண் எழுதித் தாங்க" என்றே ஒரு மனு கொடுங்க. ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வராதீங்க.

35/
மருத்துவ நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. "தண்ணிய டெஸ்ட் பண்ணுங்க", "கலெக்டர் ஆபீஸ் போங்க", "காப்பீட்டுல பாருங்க" என்று வாயால் சொல்லி அனுப்பாதீங்க. சீட்டின் பின்னால் எண்ணை எழுதிக் கொடுங்க. மருந்தின் அளவை எழுதாமல் மருந்து எழுதுவோமா?

36/
அந்த ஆயாம்மா சொன்ன அன்றே, பழைய கேஸ் ஷீட் அட்டை ஒன்றின் பின்பக்கம் மார்க்கரால் 155377 என்று எழுதி, பணியறை வாசலில் ஒட்டினேன். சில மாதம் கழித்து மாறுதலில் வந்துவிட்டேன். அட்டை இன்னும் இருக்கான்னு தெரியாது. அட்டை கிழியும். சுவரில் எழுதினால் நிற்கும்.

37/
அந்த மகனை அதற்குப் பிறகு நான் பார்க்கல. பார்த்தால் சொல்ல ஒன்று இருக்கு: "அண்ணே, அன்னைக்கு உங்களுக்குத் தெரியாதது தப்பில்ல. எனக்குத் தெரியாததுதான் தப்பு."

இந்த இழையைப் பகிருங்க. அதைவிட முக்கியம், இன்று இரவு தூங்கும் முன் அந்த ஒரு தாளை எழுதிடுங்க.